சிவப்பு நூல் கட்டிய உப்புப் பாட்டில்

அம்மா வேலை பார்த்த ஆய்வகத்தில் இரங்கல் கூட்டத்துக்கு ஒரு தாள் அச்சடித்திருந்தார்கள். அவள் படத்துக்குக் கீழே ஒரு வரி: "பணியில் பிழை அறியாதவர்." அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

"அழகா எழுதியிருக்காங்க இல்ல?"

அம்மா ஒரு பிழை செய்தாள். அதற்காக இன்னொருத்தி வேலையை இழந்தாள். இரண்டும் அம்மாவுக்குத் தெரியும். அந்த இன்னொருத்தியிடம் இதைச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டுத்தான் அவள் போனாள்.

அம்மா மின்வேதியியல் ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளர். தங்கக் கம்பியின் நுனியை ஹைட்ரஜன் சுடரில் காட்டி, மிளகளவு மணியாக உருக்குவாள். பதமாக ஆற விட்டால் மணி முழுவதும் ஒரே படிகமாக அமையும். அதன் உடம்பில் கண்ணாடிச் சில்லுகள் போல் பட்டைகள் தெரியும். வேண்டிய பட்டையைப் பார்த்து வெட்டி மெருகேற்றினால் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்கும் ஒரு தளம் கிடைக்கும். அதுதான் எலக்ட்ரோடு. சுடரிலிருந்து மணியை வெளியே எடுக்கும் வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அவசரப்பட்டால் மணி கண்டபடி உறைந்துவிடும். அம்மா எல்லா விஷயத்திலும் அவசரக்காரி. குக்கர் ஆவி அடங்குமுன் மூடியைத் திறக்கப் பார்ப்பாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை இருந்தது.

"வீட்டுல பொட்டுத் தங்கம் கிடையாது. ஆபீஸ்ல தினம் தங்கத்தை அடுப்புல வைக்கிறா" என்பார் அப்பா, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம்.

"இவர் வாங்கிக் குடுத்ததையா உருக்குறேன்?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அந்தத் தங்கத் தளத்தின்மேல் உப்பு எப்படி வந்து உட்காருகிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. குளோரைடு, புரோமைடு, அயோடைடு. ஹாலைடு அயனிகள், மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. தங்கத்தை அமிலத்தில் தொங்கவிட்டு அதன் மின்னழுத்தத்தை எதிர்ப்பக்கம் வைத்திருந்தால் இவை கிட்டே வராது. நேர்ப்பக்கம் நகர்த்த நகர்த்த, வந்து ஒட்டும். முதலில் ஒழுங்கில்லாமல், இடம் மாறிக்கொண்டே. ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று வரிசை கட்டி நிற்கும். மின்னோட்டத்தை வரையும் கோட்டில் அங்கே ஊசி போல் ஒரு முனை எழும். இன்னும் நகர்த்தினால் நெருக்கிக்கொண்டு உட்காரும். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் அம்மா இதை பஸ்ஸில் வைத்துச் சொன்னாள்.

"கூட்டம் கம்மியா இருந்தா கண்ட எடத்துல உக்காருவாங்க. ஏற ஏறத் தானா வரிசைக்கு வந்துடுவாங்க. அப்புறம், 'கொஞ்சம் தள்ளி உக்காருங்க'தான்."

"அயோடைடு?"

"அது ஜன்னல் சீட்டு புடிச்ச ஆளு. கடைசி ஸ்டாப் வந்தாலும் எறங்காது."

உண்மை. மூன்றில் அயோடைடுதான் அதிகம் ஒட்டுவது. தண்ணீரில் எவ்வளவு அலசினாலும் தங்கத்தை விடாது. மறுபடி சுடரில் காட்டிச் சிவக்க வைத்தால்தான் போகும். அம்மாவையும் தீயில் வைத்தோம். ஒட்டியிருந்தது போகவில்லை. எங்கள்மேல் இருக்கிறது.

ஒரு விரல் ரேகையில் இருக்கும் வியர்வை உப்பு போதும், அந்த அளவீட்டைக் கெடுக்க. அதனால் அம்மா ஆய்வகத்துக்குள் யாரையும் நம்பியதில்லை. "கையை வெளியில வச்சுட்டு உள்ள வாங்க" என்பாள், டாக்டர் பட்டம் வாங்கியவர்களிடம். வறுவல் பொட்டலத்தோடு ஒருவர் வாசலைத் தாண்டியபோது அவள் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்த கணக்குப் பிரிவு இறங்கி வந்ததாம். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு உப்பம்மா என்று பெயர். அவளுக்கு அது தெரியும். பிடித்தும் இருந்தது.

அவள் நம்பியது ஒருத்தியை. கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறவள். தினக்கூலி. எல்லோரும் தண்ணியக்கா என்பார்கள். நான் சித்தி என்பேன். அமிலத்தில் ஊறிய பாத்திரங்களை எடுத்து, தூய நீரில் கொதிக்க வைத்து, கொட்டி, மறுபடி கொதிக்க வைத்து, கவிழ்ப்பாள். கவிழ்க்கும்போது தண்ணீர் முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே படலமாக வழிய வேண்டும். பிரிந்தால் மறுபடி முதலிலிருந்து. இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் நேரே சமையலறைக்குத்தான் போவாள். என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டதுகூட அம்மாவைவிட அவள்தான் அதிகம். "உங்கம்மாவுக்குத் தங்கம். எனக்குக் கண்ணாடி. உடைஞ்சா எனக்குத்தான் திட்டு" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

நான் ஆறாவது படிக்கும்போது வெளியிலிருந்து ஒரு குழு ஆய்வகத்தைப் பார்க்க வந்தது. அவர்களுக்குப் பிடித்துப்போனால் பெரிய கருவி ஒன்று வரும். டைரக்டர் எளிமையான ஒன்றைச் செய்து காட்டத் தீர்மானித்தார். சுத்தத் தங்கத்தை சுத்த அமிலத்தில் வைத்து அதன் கோட்டை வரைவது, பிறகு புரோமைடைத் துளித்துளியாக விட்டு வரிசை கட்டும் முனை எழுவதைக் காட்டுவது. முதல் கோடு அழகாக வந்தது. அடுத்ததில் குளோரைடு உட்காரும் இடத்தில் ஒரு புடைப்பு. அதற்கடுத்ததில் புடைப்பு பெரிதானது. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உப்பே இல்லாத அமிலத்தில் உப்பு. கருவி வரவில்லை.

அன்று நடந்ததை அம்மா வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது கண் கலங்கும்.

"டைரக்டர் காரிடார்ல நின்னு கத்துறாரு, 'யார் கழுவினது?'ன்னு. இவ, 'நான்தான் சார், ஒழுங்காத்தான் கழுவினேன்'னு நிக்குறா. கடைசி அலசலைக் குழாய்த் தண்ணியில முடிச்சுட்டியான்னு கேட்டாரு. அதுலதான் குளோரின் கலக்குறாங்களே. 'என் புள்ளைங்க மேல சத்தியமா இல்ல சார்'னா. அன்னைக்குச் சாயங்காலமே அனுப்பிட்டாங்க. அவளுக்காக நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன்."

அப்பா ஒவ்வொரு முறையும் "ச்சே" என்பார்.

கல்லூரியில் நான் படித்தது உலோக அரிப்பியல். குளோரைடு எஃகுக் குழாயை எங்கே துளைக்கும் என்று சொல்வதற்கு இன்று சம்பளம் வாங்குகிறேன். மூன்றாம் ஆண்டு விடுமுறையில், சாப்பிடும்போது, அம்மா அதே கதையைச் சொன்னாள். "முதல் கோட்டுல ஒண்ணுமே இல்ல. அப்புறம் மதியம் வரைக்கும் ஏறிக்கிட்டே இருந்துச்சு" என்றாள். எனக்கு அது உறுத்தியது. கழுவாத பாத்திரத்தில் இருக்கிற உப்பு கொஞ்சம்தான். அமிலம் ஊற்றியதும் கரைந்துவிடும், அதோடு தீர்ந்தது. மதியம் வரை ஏறுகிறதென்றால் எங்கிருந்தோ கசிந்துகொண்டே இருக்க வேண்டும். அமிலமும் தங்கமும் இருக்கும் அந்தக் கலத்துக்குள் உப்பு இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான். ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு. மின்னழுத்தத்தை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ, அந்தக் கண்ணாடிக் குழல். அதற்குள் அடர்த்தியான உப்புக் கரைசல் இருக்கும். நுனி வழியே கசியும். அதனால் அதற்கு வெளியே இன்னொரு கண்ணாடி உறை மாட்டி, உறைக்குள் வெறும் அமிலம் ஊற்றுவார்கள். உறையை நிரப்புவது அம்மாவின் வேலை. அமிலமும் உப்புக் கரைசலும் பார்வைக்கு ஒன்றுதான். இரண்டும் தண்ணீர் மாதிரி.

"வெளி உறையில என்ன ஊத்தியிருந்தம்மா?" என்றேன்.

"அமிலம்தான். வேற என்ன ஊத்துவாங்க?"

"மாத்தி ஊத்தியிருந்தா..."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? சாப்பிடு."

"நாலு எழுத்துப் படிச்சுட்டா, ஏதோ கேக்குறா, விடேன்" என்றார் அப்பா.

நான் அவளை நம்பினேன். தங்கத்தை அவ்வளவு பொறுமையாக ஆற வைக்கிறவள் பாட்டிலை மாற்றி எடுப்பாள் என்று தோன்றவில்லை. ஆனால் அதன்பின் அம்மா அந்தக் கதையைச் சொல்லவே இல்லை. சித்தியின் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில், அம்மாவின் கையில் ஸலைன் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அம்மா பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல என்ன இருக்கு தெரியுமாடி?"

"சோடியம் குளோரைடு."

"ஆயுசு பூரா வெரட்டினேன். இப்ப நரம்பு வழியா உள்ள வருது பாரு." சிரித்தாள். இருமல் வந்தது. அடங்கியதும், "அன்னைக்கு உறையில உப்புதான் இருந்துச்சு" என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"அமிலம்னு சொன்னியே."

"சொன்னேன்."

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"அன்னைக்கே. வந்தவங்களைக் கூட்டிட்டு எல்லாரும் காபி குடிக்கப் போயிட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. உறையைக் கழட்டி, உள்ள இருந்ததுல வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டேன். பாலா திரிஞ்சு போச்சு."

அமிலமாக மட்டும் இருந்தால் அப்படித் திரியாது. குளோரைடு இருந்தால்தான் அந்த வெள்ளை.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. சிங்க்ல கொட்டி, கழுவி, அமிலம் ஊத்தி மாட்டிட்டேன். வெளிய வந்தா அவ நின்னு அழுதுட்டு இருக்கா."

"டைரக்டர் உன்னைக் கேக்கலையா?"

"கேட்டாரு. 'பாத்திரத்துல இருந்திருக்கலாம் சார்'னு சொன்னேன்." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அவ கை சுத்தம்டி. அவகிட்ட சொல்லிடு."

"நீயே சொல்லு. போன் போட்டுத் தரேன்."

"வேண்டாம். நான் போனப்புறம் சொல்லிக்கோ."

எனக்கு அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. ஆய்வக அலமாரியில் உப்புக் கரைசல் பாட்டிலின் கழுத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கும். "இது எதுக்கும்மா?" என்று கேட்டிருக்கிறேன். "தெரியாம எடுத்துடக் கூடாதுல்ல" என்று என் கன்னத்தைத் தட்டினாள். சித்தியை வேலையை விட்டு அனுப்பிய பிறகு முளைத்த நூல் அது. அம்மா கடைசிவரை அதைக் கட்டினாள், நைந்தால் மாற்றினாள். பாட்டிலுக்குச் செய்ததில் கால்வாசிகூட மனுஷிக்குச் செய்யவில்லை.

தகனம் முடிந்த மறுநாள் சித்தி வந்தாள். யார் சொன்னார்களோ. தலை முழுக்க நரைத்திருந்தது. அம்மா படத்தின் முன் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவைத் தேற்றினாள். பிறகு நேரே சமையலறைக்குப் போனாள். வந்துபோனவர்கள் குடித்த டம்ளர்கள் தொட்டி நிறையக் கிடந்தன. கழுவத் தொடங்கினாள்.

நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். ஒரே டம்ளரை அலசினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மறுபடி அலசினாள். மறுபடி பார்த்தாள். கவிழ்த்தாள். அடுத்ததை எடுக்கும் முன், கவிழ்த்ததைத் திரும்ப எடுத்து இன்னொரு முறை அலசினாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது.

"போதும் சித்தி. சுத்தமா இருக்கு."

"எனக்கு அப்படித்தான் பாப்பா. வேலை பாத்த வீட்டுல எல்லாம் திட்டுவாங்க, தண்ணியைக் காலி பண்றேன்னு. பாதிப் பேரு அதுக்கே நிறுத்திட்டாங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாதுல்ல. அன்னைக்கும் சுத்தம்னுதான் நெனச்சேன். எங்கயோ அசந்திருக்கேன் பாரு."

சொன்னேன். அம்மா ஆஸ்பத்திரியில் சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

சித்தி குழாயை மூடினாள். பாதி அலசிய டம்ளரைத் தொட்டியில் வைத்தாள்.

"அப்ப நான் ஒழுங்காத்தான் கழுவியிருக்கேன்."

"ஆமா."

"நான் நின்னு அழுதப்ப அவளுக்குத் தெரியும்."

"ஆமா."

"என் தோளைப் புடிச்சிட்டு நின்னா பாப்பா. அவளும் அழுதா." கையைப் புடவையில் துடைத்தாள். "இப்ப எதுக்கு எங்கிட்ட வந்து எறக்குற? அவ சுமை எறங்கிடுச்சு, உன் சுமை எறங்கிடுச்சு. நான் எங்க போய் எறக்குறது? இப்பதான் அந்தப் போட்டோ முன்னாடி மாரடிச்சிட்டு வந்தேன். அதைத் திருப்பிக் குடுப்பியா?"

சித்தி தன் பையை எடுத்துக்கொண்டாள்.

"இரங்கல் கூட்டம் வச்சிருக்காங்களாமே, அங்க சொல்லு" என்றாள். "என்னைத் திருடி மாதிரி பையைச் சோதிச்சு அனுப்பின எடத்துல சொல்லு. நான் வந்து பின்னாடி உக்காந்துக்கறேன்."

"சொல்றேன்."

அப்பா கூடத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சித்தி போனதும், "உங்கம்மா மானத்தை நீயே வாங்காதம்மா" என்றார். "முப்பது வருஷம் அந்த மானம் இன்னொருத்தங்க செலவுலப்பா" என்றேன். அவர் அந்த அச்சடித்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கூட்டத்துக்கு வரவில்லை.

ஆய்வகக் கூடத்தில் நாற்காலிகள் பாதிக்குமேல் நிறைந்திருந்தன. பெரும்பாலும் இளையவர்கள். அம்மாவையே சரியாகத் தெரியாதவர்கள். சித்தியை யாருக்குத் தெரியும். அவள் கடைசி வரிசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டைரக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் கூட்டத்துக்குத் தலைமை அவர்தான். என்னைப் பேச அழைத்தார்கள். நான் சுருக்கமாகச் சொன்னேன். அன்றைய புடைப்புக்குக் காரணம் ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடின் வெளி உறையில் இருந்த உப்புக் கரைசல். அதை ஊற்றியது என் அம்மா. அன்றே அவளுக்குத் தெரியும். பழி சுமந்தவர் இதோ பின்வரிசையில் இருக்கிறார். அவர் கழுவிய பாத்திரம் சுத்தமாக இருந்தது.

யாரும் திரும்பிப் பார்ப்பதற்குள் டைரக்டர் எழுந்து ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். குரல் தழுதழுத்தது.

"சாகும் தறுவாயிலும் தன் சிறு பிழையை மகளிடம் ஒப்புக்கொண்ட நேர்மை. இதுதான் அந்த அம்மையார். இந்த நேர்மைதான் அறிவியல்."

கை தட்டினார்கள். நான் தூக்கிக் கொடுத்ததை வாங்கி அம்மாவுக்கே மாலையாகப் போட்டுவிட்டார். கைதட்டல் அடங்கும்போது கடைசி வரிசை நாற்காலி காலியாக இருந்தது.

காரிடாரில் அவரை மறித்தேன்.

"சார், அவங்க இங்கதான் இருந்தாங்க. அவங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே."

சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இது புதுசு இல்லம்மா. மறுநாள் காலையில சிங்க்கைப் பாத்தேன். ஊதாவும் கறுப்புமா ஒரு கறை. வெள்ளி குளோரைடு வெளிச்சத்துல அப்படித்தான் கறுத்துப்போகும். உங்கம்மா அலமாரியில மட்டும்தான் வெள்ளி நைட்ரேட் இருந்துச்சு. உப்பு இருக்கான்னு சோதிச்சுப் பாத்துட்டு வேற யாரு கொட்டியிருப்பா?"

"மறுநாளே தெரியும்னா, அவங்களைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டா காரணம் சொல்லணும். சொன்னா உங்கம்மா மேல நடவடிக்கை எடுக்கணும். அப்புறம் மணியை யாரு உருக்குவா?" என் தோளைத் தட்டினார். "கழுவுறதுக்கு ஆள் கெடைக்கும்மா."

அம்மா அவருக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டாள். அவருக்கோ அம்மா தேவைப்பட்டாள். அதனால் அவரும் மூடிக்கொண்டார். ஒருவரையொருவர் ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டு, தினமும் வணக்கம் சொல்லிக்கொண்டு, ஓய்வு பெறும்வரை ஒரே சுவருக்குள் இருந்திருக்கிறார்கள். அத்தனை நாளும் அம்மா அந்தச் சிங்க்கை ஒட்டித்தான் நடந்திருப்பாள்.

சித்தி வெளிவாசலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள்.

"வாங்க, வண்டியில விட்டுடறேன்."

"வேண்டாம். பஸ் வரும்." என் முகத்தைப் பார்த்தாள். "என்ன சொன்னான் அந்த ஆளு?"

மறைக்க நினைத்தேன். இதையும் மறைத்தால் அம்மாவுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. சொன்னேன். கறையை, காரணத்தை, கடைசி வாக்கியத்தை.

சித்தி சத்தமாகச் சிரித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"நெசந்தானே. எனக்கு அடுத்த நாளே ஆள் கெடைச்சிருப்பாளே." சிரிப்பு நின்றது. "அவனை விடு. அவனோட நான் சாப்பிட்டதில்ல. உங்கம்மா டிபன் பாக்ஸ்ல நான் கை வச்சு சாப்பிட்டிருக்கேன்."

பஸ் வந்தது. படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அன்னைக்கு நான் பாதியில விட்டுட்டு வந்த டம்ளர், கழுவினியா?"

"இல்ல சித்தி. அப்படியே இருக்கு."

"ஒரு தடவை அலசினா போதும்" என்றாள். "நான் இனிமே வர மாட்டேன்."

உட்கார இடம் இருந்தது. அவள் உட்காரவில்லை.